சத்தம் இருக்கிறது

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில் சிஸ்டர் அட்டையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"நீதான் டிகிரி படிச்ச பொண்ணாமே, உங்க அத்தை சொன்னாங்க. மணிக்கு ஒரு தடவை பார்த்து நீயே எழுதிடு. ஏதாவது மாறுச்சுன்னா கூப்பிடு. எனக்கு முப்பத்தெட்டு பெட் இருக்கு, கால் ரெண்டுதான்."

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் அவளுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, டிகிரி என்ற பட்டப்பெயர். இன்னொன்று, வீட்டுக்கு வருகிற எல்லாக் காகிதத்தையும் படித்துச் சொல்லும் வேலை. தண்ணீர்க் குழாய்க்கான வால்வு செய்யும் கம்பெனியில் அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் உத்தியோகம். அங்கேயும் மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும். அளக்காமலே எட்டு மணிநேரத்துக்கும் சேர்த்து டிக் போடுகிற சூப்பர்வைசரை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டவள் என்று அவளுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. ஆகவே அட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. மணி, நிறம், சூடு, அழுத்தம், சத்தம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. அவ்வளவுதான்.

அப்பா கட்டிலில் கிடந்தார். வலது கால் மூன்று தலையணை மேல் ஏறியிருந்தது. கட்டைவிரலுக்கு மேலிருந்து கணுக்கால் வரைக்கும் புதுச் சதை. இடது தொடையிலிருந்து தோலும் கொழுப்பும் ரத்தக்குழாயுமாக ஒரு கைக்குட்டை அளவுக்கு வெட்டி எடுத்து, இங்கே கொண்டுவந்து பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் குழாயோடு குழாயைத் தைத்திருந்தார்கள். ஒன்பது மணிநேரம் பிடித்தது. வெயில் பட்டுக் கன்றிப்போன பாதத்தின் நடுவே வெயிலே காணாத தொடைத்தோல் ரோமத்தோடு மேடாக உட்கார்ந்திருந்தது. வேறு யாரோ அவர் காலில் தலைவைத்துப் படுத்திருப்பதுபோல இருந்தது பார்க்க.

அப்பாவுக்குத் தொழில் ஷட்டர். கடைகளுக்கு இரும்பு ஷட்டர் செய்து மாட்டுவார், ரிப்பேர் பார்ப்பார். ஊரே ஷட்டர்காரர் என்றுதான் கூப்பிடும். சர்க்கரை வந்து பதினாறு வருஷம், காலில் உணர்ச்சி செத்து ஆறு வருஷம். வெல்டிங் பொறி ஒன்று ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. ஷூ இருக்கிறது, சாக்ஸ் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது, மனிதருக்கு மட்டும் தகவல் வரவில்லை. அதன்மேலேயே நாலு நாள் நடந்தார். வீட்டில் நாற்றம் வந்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று அத்தையும் அவளும் பீரோவை நகர்த்தி, அரிசி டிரம்மை நகர்த்தி, இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் அப்பா சாக்ஸைக் கழற்றினார். சாக்ஸ் தனியாக வரவில்லை.

அந்த நாற்றம் அவளுக்குத் தெரிந்த நாற்றம்தான். பீரோவை நகர்த்தும்போதே தெரியும். தெரிந்தும் எலியைத் தேடினாள்.

அம்மாவுக்கும் இதேதான் வந்தது. ஐந்து வருஷம் முன்னால் அம்மாவுக்குச் சுண்டுவிரலில் ஆரம்பித்த புண் பாதத்துக்குப் பரவியது. அப்போது பார்த்த டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஆறேழு வாரம் சுத்தம் செய்து, சதை வைத்துப் பார்க்கலாம், பிழைத்தாலும் பிழைக்கும். இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு எட்டே நாளில் வீட்டுக்குப் போகலாம். அப்பா அந்த எட்டு நாள் வழிக்குக் கையெழுத்துப் போட்டார். காகிதம் படித்துச் சொல்ல வேண்டியவள் அன்றைக்குக் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். விரலை மட்டும்தான் எடுப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். மயக்கம் தெளிந்து போர்வையைப் பார்த்த அம்மா, ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருப்பதைக் கண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் பதினோரு மாதம் இருந்தாள். பிறகு இதயம் நின்றது.

ஆகவே ஏழு மணிக்கு முதல் தடவையாக அவள் அந்தக் கருவியைக் கையில் எடுத்தபோது, இந்த மனிதரின் காலுக்கா நான் வேலை பார்க்கிறேன் என்ற கசப்பு அவளுக்குள் இருந்தது. கருவி சின்ன ரேடியோப் பெட்டி மாதிரி இருந்தது. அதிலிருந்து வயரில் தொங்கும் பேனா ஒன்று. புதுச்சதையில் ஒரு நீலத் தையல் போட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் ஜெல்லியைத் தடவி பேனாவை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் பெட்டியில் கேட்கும். வைத்தாள்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

கை அப்படியே நின்றுவிட்டது.

வாக்கரை முன்னே வைத்துவிட்டு, ரப்பர் செருப்புப் போட்ட ஒற்றைக்காலைச் சிமெண்டுத் தரையில் இழுப்பாள் அம்மா. சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து குளியலறை என்று பதினோரு மாதம் வீடு முழுக்க இருந்த சத்தம். அதுதான் இது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. கூரையில் சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வியர்த்திருந்தது.

'சத்தம்: இருக்கிறது' என்று எழுதி டிக் போட்டாள். கையெழுத்து கோணலாக வந்தது.

எட்டு மணிக்கு வைத்து எழுதியதும் ரவுண்ட்ஸ் வந்தார் டாக்டரம்மா. வெட்டி ஒட்டித் தைக்கிற டாக்டர். அப்பா வைத்த பெயர் டெய்லரம்மா. ஆபரேஷனுக்கு முன்னால், எடுத்துப் பொருத்துகிற சதைக்கு ஃபிளாப் என்று பெயர் சொல்லி விளக்கியபோது, "ஃபிளாப்னு சொல்றீங்களே டாக்டர், படம் ஓடலைன்னாதானே ஃபிளாப்ம்பாங்க?" என்று அப்பா கேட்க, "இது ஓடினாதான் ஃபிளாப். உள்ள ரத்தம் ஓடணும்" என்று அவரும் சிரிக்காமல் பதில் சொல்லியிருந்தார். இன்று அப்பா வாயே திறக்கவில்லை.

"என்ன ஷட்டர்காரரே, சத்தத்தைக் காணோம்?"

"சத்தம்தான் டாக்டர் ஜாஸ்தியா இருக்கு" என்றார் அப்பா.

டாக்டரம்மா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒன்பது மணிக்கு வைத்தாள். பத்து மணிக்கு ஜெல்லி டப்பாவைத் திறக்கும்போதே அப்பா அவள் முழங்கையைப் பிடித்தார்.

"பாப்பா, யாரோ காலைச் சொறியறாங்க."

"உங்களுக்குத்தான் காலே மரத்துப்போச்சே."

"அதான் சொல்றேன். ஆறு வருஷமா ஆணி ஏறினாத் தெரியாத கால். இப்ப யாரோ நகத்தால சொறியறாங்க. மெதுவா. கீழ இருந்து மேல."

கால் போன பிறகு அம்மாவுக்கு, இல்லாத பாதம் அரிக்கும். மத்தியான வேளைகளில் கூப்பிடுவாள். 'பாதத்துல அரிக்குதுடி, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.' எங்கே சொறிவது? வெறும் படுக்கை விரிப்பைச் சொறிந்துவிடுவாள் இவள். 'இன்னும் கொஞ்சம் கீழ. ஆங். அங்கதான்' என்று அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். நகத்துக்கும் துணிக்கும் நடுவே எழும் அந்தச் சத்தம் கேட்க முடியாமல் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் தவறாமல் போவார். ஷட்டரை இழுத்து மூடுகிற ஆள், எதை எப்படி மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"மருந்து வேகம்ப்பா" என்றாள். "கண்ணை மூடுங்க."

"மூடினா கிட்ட வரா."

"யாரு?"

"உனக்குக் கேக்கல? நீயும்தான் கேக்கற. உன் மூஞ்சியே சொல்லுதே. அன்னைக்கெல்லாம் நடந்தா. இப்ப நடக்கல பாப்பா, ஓடி வரா. ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு ஓடி வரா."

உண்மைதான். இதயம் வேகமாக அடிக்க அடிக்க அந்தச் சத்தமும் நெருங்கி நெருங்கி வந்தது. அவர் பயந்தால் அது ஓடும். அது ஓடினால் அவர் இன்னும் பயப்படுவார்.

பதினோரு மணிக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். எந்த அட்டையிலும் எழுதாத காரியம். பத்து நொடி வைத்தால் போதும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். அவள் பேனாவை நீலத் தையல்மேல் வைத்து, பெட்டியின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி, மூன்று நிமிஷம் வைத்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வைத்திருந்தாள். அப்பா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். தலையணை ஓரத்தை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார். அறுபது வயதுக்காரர், குறுக்குப்பட்டை இரும்பைத் தனி ஆளாகத் தோளில் ஏற்றுகிறவர், குழந்தைமாதிரிக் கேவினார். அனுபவிங்க என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அவளுடைய குரல்தான். அதில் சந்தேகமே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் கேவவில்லை. கையைக் கூப்பினார். டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்துக் கூப்பினார்.

"அதை மட்டும் வைக்காதே. பார்த்து எழுது, தொட்டு எழுது, எல்லாம் பண்ணு. அதை மட்டும் வைக்காதே. அவளுக்கு வழி காட்டிக் குடுக்காதே."

அவள் பெட்டியை அணைத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். பதினோரு மணிக்குப் பண்ணின கொடுமை கூசியதா, தனக்கே அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லையா, இல்லை வேறு ஏதாவதா, அவளுக்குத் தெரியவில்லை. நிறத்தைப் பார்த்தாள். சூட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் அழுத்திவிட்டு நிறம் திரும்ப எத்தனை நொடி என்று எண்ணினாள். கடைசிக் கட்டத்தில் 'இருக்கிறது' என்று எழுதி டிக் போட்டாள்.

கம்பெனி சூப்பர்வைசர் ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தார். போய்விட்டார்.

அத்தை டிபன் பாக்ஸோடு வந்தாள். அப்பாவின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்தவள். கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் யாருடைய கையெழுத்து எதற்குச் செல்லும் என்று நன்றாகத் தெரியும்.

"சாப்பிட்டியாடி டிகிரி?"

"பசியில்ல அத்தை."

"பசியில்லாம எப்படி இருக்கும். காலைலேருந்து உங்கப்பன் காலையே பார்த்துட்டு இருந்தா எவளுக்குப் பசிக்கும். இந்தா, அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடு."

ஒரு மணிக்கும் பெட்டி கட்டிலடியிலேயே இருந்தது. டிக். அப்பா அசந்து தூங்கினார். இரண்டு மணிக்கு அழுத்திப் பார்த்தபோது நிறம் விரலை எடுப்பதற்குள்ளேயே குபுக்கென்று திரும்பியது. காலையில் இரண்டு நொடி ஆனது, இப்போது அரை நொடிகூட ஆகவில்லை. சதை சூடாகவும் கொழுகொழுவென்றும் இருந்தது. நல்லாயிருக்கு, ரத்தம் நல்லா ஓடுது என்றுதான் நினைத்தாள். மூன்றாவது டிக்கைச் சந்தோஷமாகவே போட்டாள்.

மூன்று மணிக்குப் போர்வையை விலக்கியதும் அவள் கை பின்னால் இழுத்துக்கொண்டது. தொடைத்தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தையல் விளிம்பெல்லாம் இறுகி, இரண்டு இடத்தில் தார் மாதிரிக் கறுத்த ரத்தம் கசிந்து தலையணை உறையில் இறங்கியிருந்தது.

"சிஸ்டர்."

சத்தமாகக் கூப்பிட்டதாகத்தான் நினைத்தாள். அத்தைதான் வராந்தாவரை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். சிஸ்டர் குனிந்து பெட்டியை எடுத்துப் பேனாவை வைத்தாள். நீலத் தையலிலும் அதைச் சுற்றிலும் வைத்தாள். பெட்டி இரைந்ததே தவிர அதில் யாரும் நடக்கவில்லை. பிறகு எங்கோ அடியில், சுவரில் முட்டுகிறமாதிரி, டொப் டொப் என்று ஒன்று கேட்டது.

பத்து நிமிஷத்தில் டாக்டரம்மா வந்தார். உடையும் தொப்பியும் தியேட்டரிலிருந்து நேராக வந்ததைச் சொன்னது. ஊசியால் சதையில் ஒரு குத்துக் குத்தினார். கறுப்பு ரத்தம் உடனே பொங்கியது.

"உள்ளே போற குழாய் திறந்திருக்கு. வெளியே வர்ற குழாய் அடைச்சிருச்சு. ரத்தம் வந்து வந்து தேங்குது." அட்டையை எடுத்தார். விரலை ஓட்டினார். "ரெண்டு மணிக்குச் சத்தம் இருந்திருக்கு. நல்லது. ஒரு மணிநேரம்தான் ஆகுது. இப்ப ஒருத்தருக்கு விரல் துண்டாகி டேபிள்ல ஏத்தப் போறாங்க. அதை முடிச்சிட்டு ஆறு மணிக்கு இவரை எடுத்துக்கலாம். சிஸ்டர், அதுவரைக்கும் ரெண்டு தையல் பிரிச்சு விடுங்க, தேங்கினது வடியட்டும்."

அட்டையைக் கட்டில் காலில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

அவள் அந்த அட்டையைப் பார்த்தாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. மூன்று டிக்கும் அழகாக, ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் இருந்தன. காலையில் போட்டவை கோணல்மாணல். பொய்தான் திருத்தமாக வந்திருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆறு மணி ஆகும். சதை செத்திருக்கும். இந்த மாதிரி ஆவது சகஜம் என்பார்கள். அப்புறம் கால் போகும், முழங்காலுக்குக் கீழே, எட்டே நாளில் வீடு. அவள் யாரையும் எதுவும் செய்திருக்க மாட்டாள். அட்டை சாட்சி.

"டாக்டர்."

டாக்டரம்மா கதவுக்கருகே நின்றார்.

"பதினொண்ணுக்கு அப்புறம் நான் சத்தம் கேக்கல."

"டிக் போட்டிருக்கே."

"போட்டேன். மெஷின் வைக்கல."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். ரெண்டு மணிக்கே நிறம் ரொம்ப வேகமாத் திரும்புச்சு. நல்லதுன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவதற்கான நேரம்கூடத் தன்னிடம் இல்லை என்கிற பார்வை. போனை எடுத்தார். "விரல் கேஸை எலும்பு டாக்டர் பக்கத்து ரூம்ல ஆரம்பிக்கட்டும். என் டேபிள் எனக்கு வேணும். இப்பவே. நாலு மணிநேரம் ஆயிருக்கலாம்."

அவர் போனபிறகு அத்தை மெதுவாகக் கேட்டாள். "வேணும்னே பண்ணினியா?"

"தெரியல அத்தை."

"தெரியலன்னா என்னடி அர்த்தம்?"

"தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம்."

அத்தை கையை ஓங்கவில்லை. கத்தவுமில்லை. டிபன் பாக்ஸை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.

சிஸ்டர் காகிதத்தைக் கொண்டுவந்தாள். "சீக்கிரம் படிச்சுக் கையெழுத்துப் போடு." முதல் பத்தியில் திறந்து பார்த்து அடைப்பை எடுக்கச் சம்மதம். இரண்டாம் பத்தியில், சதையைக் காப்பாற்ற முடியாமல் போனால், டாக்டர் முடிவு செய்கிற உயரத்தில் காலை நீக்கச் சம்மதம். அதற்கென்று தனிக் கட்டம். அன்றைக்குப் பரீட்சை ஹாலில் இருந்தபோது வந்த காகிதம் இன்றைக்கு அவள் கையில் இருந்தது.

"எடுத்துடச் சொல்லு பாப்பா" என்றார் அப்பா. எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. "காலைக் குடுத்துடறேன். அதுக்குத்தானே வரா. வாங்கிட்டுப் போகட்டும்."

"யாரும் வரலப்பா."

"நீ என்ன சொல்றியோ அதுதான். உனக்குத்தான் படிக்கத் தெரியும். நீயே போடு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. காகிதத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். பேனாவை விரல்களுக்கிடையே திணித்தாள்.

"நான் போட மாட்டேன். அம்மாகிட்ட யாரும் கேக்கல. உங்ககிட்ட நான் கேக்கறேன். கால் வேணுமா, வேண்டாமா? உங்க வாயால சொல்லுங்க. நேரமில்ல."

அப்பா பேனாவைப் பார்த்தார்.

"கேக்கலன்னு நீ இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருக்கே" என்றார். "நானும் அப்படியே விட்டுட்டேன். ஆனா கேட்டேன். டாக்டர் ரூம்லேருந்து வந்து அவகிட்ட கேட்டேன். வேணாம்னா. ஆறு வாரம்னாலும் கிடக்கறேன், காலை மட்டும் எடுத்துடாதீங்கன்னு என் சட்டையைப் பிடிச்சா. சரிம்மான்னு சொன்னேன். விரலை மட்டும்னு சொன்னேன். சொல்லிட்டுப் போய் அதுல போட்டேன்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இது புதிதில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

ஐந்து வருஷமாக மகள் வெறுத்தது ஒரு அவசரக்காரரை. கேட்கத் தோன்றாத முட்டாளை. அந்த ஆளே இல்லை. பதில் தெரிந்துகொண்டு போய்க் கையெழுத்துப் போட்ட இன்னொருவர் இந்தக் கட்டிலில் கிடந்தார். ஸ்ட்ரெச்சர் சக்கரம் வராந்தாவில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வேணுமா, வேண்டாமா?"

அப்பா தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார்.

"வேணும்" என்றார் அப்பா. "எனக்கு வேணும் பாப்பா."

முதல் பத்தியில் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் பத்தியில் பேனா நின்றது. அதை அவளிடம் படிக்கச் சொன்னார். அவள் ஒரு எழுத்து விடாமல், வேகமாக, சத்தமாகப் படித்தாள். பிறகு அதிலும் போட்டார். சாட்சி என்ற இடத்தில் அவள் போட்டாள். தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைக்கும்போது பாதத்தை அவள்தான் பிடித்திருந்தாள். பஞ்சுக்கு அடியில் அது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்மாதிரிக் கொதித்தது.

தியேட்டர் வாசலில் பெஞ்சு இருந்தது. அத்தை உட்கார்ந்தாள். அவள் உட்காரவில்லை. செத்துவிட்டால் நான்தான் என்று நினைத்தாள். பிழைத்துவிட்டாலும் நான்தான். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் காதில்தான் ஏதோ ஒன்று, இழுத்து இழுத்து, வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்தது. அத்தைக்குக் கேட்டிருக்காது. கேட்டதா என்று அத்தையிடம் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"வீட்டை விட்டுப் போயிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள் அத்தை. "அவன் என் தம்பி. நீ போயிட்டா அவனுக்கு யாரு இருக்கா? என்னை வீட்ல வச்சுச் சோறு போட்ட உங்கம்மாவுக்கு நான் திருப்பிப் பண்ணினது இதுதான். போதுமா?"

மூன்று மணிநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். குழாயில் ரத்தக்கட்டி இருந்தது, எடுத்துவிட்டுக் கையிலிருந்து ரத்தக்குழாய் ஒரு துண்டு வெட்டி அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறோம், ஓடுகிறது என்றார். "கால் நிக்கும்னு நெனைக்கறேன். உள் ஓரம் மட்டும் சந்தேகம். ஒரு ரெண்டு விரல் அகலத்துக்குப் போகலாம். பன்னெண்டு மணிக்கே தெரிஞ்சிருந்தா அதுவும் போயிருக்காது." அப்புறம் அவளைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். "இனிமே அட்டையை நீ தொடாதே."

"சரி டாக்டர்."

அதற்கப்புறம் ஒவ்வொரு மணிக்கும் சிஸ்டரே வந்து வைத்தாள், வைத்து எழுதினாள். அவள் எழுந்து போகவில்லை. அப்பாவும் காதை அடைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சத்தம் வரும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே திசையில், வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். தண்ணீர் வேணுமா, வேணும். போர்வை போடவா, வேண்டாம்.

எட்டாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். சதை பிழைத்திருந்தது. தொடையின் பழைய நிறம் திரும்பியிருந்தது. உள் ஓரத்தில் மட்டும், டாக்டரம்மா சொன்னபடியே, இரண்டு விரல் அகலத்துக்குக் கருகிப்போய், காய்ந்த தோல்வார்மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வேறொரு சிஸ்டர். புதிதாக டூட்டிக்கு வந்தவள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மத்ததெல்லாம் ஜம்முனு இருக்கே. இது மட்டும் ஏன் போச்சு?"

அப்பா முந்திக்கொண்டார். "அன்னைக்கு மெஷின் ரிப்பேர் சிஸ்டர். சத்தம் வரல."

சொல்லிவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்தார். நான் உனக்கு ஒன்று செய்துவிட்டேன், எடுத்துக்கொள் என்கிற பார்வை. விரலை மட்டும் என்று அம்மாவிடம் சொன்னபோதும் இந்த முகம்தான் இருந்திருக்கும். இப்படித்தான் கனிவாக இருந்திருக்கும்.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள். "நான்தான் வைக்கல. வைக்காமலே வச்சேன்னு எழுதினேன்."

சிஸ்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நமக்கேன் வம்பு என்பதுபோலக் குனிந்து செத்த ஓரத்தை வெட்ட ஆரம்பித்தாள். நறுக், நறுக் என்று துண்டுதுண்டாகத் தட்டில் விழுந்தது. அப்பாவுக்கு வலிக்கவில்லை. அவருக்கு எப்போதுமே வலித்ததில்லை. கூரையைப் பார்த்தபடி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அவள், தட்டைப் பிடித்துக்கொண்டு. "இன்னும் இருக்கு."